கொல்லைக் கதவு: தமிழில் ஓர் இருண்ட விஷுவல் நாவல் செய்த அனுபவம்

விஷுவல் நாவல் என்பது, படமும் ஒலியும் சேர, பொத்தானை அழுத்தி வரி வரியாகத் திரையில் படிக்கும் கதை விளையாட்டு. அதைச் செய்ய உதவும் ரென்பை மென்பொருளில் நான் எழுதிய முதல் வரி, "கொல்லைக் கதவு தாழிட்டிருந்தது" என்பது. இயக்கிப் பார்த்தபோது, திரையின் அடிப்பகுதியில் இருந்த உரைப்பெட்டியில் சிறு கட்டங்கள் மட்டுமே வரிசையாகத் தெரிந்தன. அந்த மென்பொருள் தன்னுடன் கொண்டுவரும் டெஜாவூ சான்ஸ் என்னும் எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லை என்பதே காரணம். நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை இறக்கி விளையாட்டின் கோப்புறையில் வைத்தேன். பிறகு இடைமுக அமைப்புக் கோப்பில் உரைக்கு, பேசுபவர் பெயருக்கு, பொத்தான்களுக்கு என மூன்று இடங்களில் எழுத்துருவின் பெயரை மாற்றினேன். நோட்டோ திறந்த உரிமத்தில் கிடைப்பதால், முடித்த விளையாட்டோடு அதையும் சேர்த்துப் பிறருக்குக் கொடுப்பதில் தடையில்லை.

கட்டங்கள் மறைந்தன, ஆனால் எழுத்துகள் உடைந்து வந்தன. "கொல்லை" என்ற சொல்லில் ககரம் முதலில் நின்றது. அதற்கு இடப்புறம் இருக்கவேண்டிய கொம்பும் வலப்புறம் இருக்கவேண்டிய காலும் ககரத்துக்குப் பின்னால் சேர்ந்தே வந்து நின்றன. லகரத்துக்கு முன்னால் வரவேண்டிய ஐகாரக் குறி பின்னால் போயிருந்தது. "கதவு" என்பதன் கடைசி எழுத்தில் வகரமும் உகரக் குறியும் இணையாமல், இரண்டு தனித்தனி உருவங்களாக இடைவெளியோடு கிடந்தன. எழுத்துருவில்தான் பிழை என்று எண்ணி, நான்கு எழுத்துருக்களை மாற்றிப் பார்த்ததில் இரண்டு மாலைப்பொழுதுகள் கழிந்தன. ஒவ்வொன்றிலும் அதே உடைசல் வந்தபோதுதான் காரணம் வேறிடத்தில் இருப்பது புலப்பட்டது.

யூனிகோடில் நாம் "கொ" என்று தட்டும்போது, ககரம் முதலாகவும் ஒகரக் குறி அடுத்ததாகவும், ஒலிக்கும் வரிசையிலேயே கணினி பதிந்துகொள்கிறது. அதைக் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குரிய வரிசையில் அடுக்குவது, எழுத்துருவுக்குள் எழுதப்பட்டுள்ள விதிகளைப் படிக்கத் தெரிந்த வேறொரு நிரலின் வேலை. என் மடிக்கணினியில் இருந்த பழைய ரென்பை அந்த விதிகளைப் படிக்காமல், ஒவ்வொரு குறியீட்டுக்கும் உரிய படத்தை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டே போனது. 8ஆம் வரிசையின் பிந்தைய பதிப்புகளில் ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்து அடுக்கும் நிரலைச் சேர்த்திருக்கிறார்கள். புதிய பதிப்பை நிறுவியதும், ஒரு வரியைக்கூட மாற்றாமலேயே, "கொல்லைக் கதவு தாழிட்டிருந்தது" என்பது பாடப்புத்தகத்தில் இருப்பதைப்போல ஒழுங்காக வந்து நின்றது. இதே உடைசலைக் காண்பவர்கள் எழுத்துருவைத் தேடி அலைவதற்கு முன் மென்பொருளின் பதிப்பு எண்ணைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இதை இத்தனை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இருண்ட கதையில் வாசகர் ஒரு நொடி எழுத்தின் வடிவத்தைக் கவனித்துவிட்டால் அந்த நொடியில் அச்சம் அறுந்துவிடுகிறது. மற்ற எந்த வேலைக்கும் முன்பாக எழுத்து கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இயல்பாக ஆகவேண்டும்.

இந்த வேலையில் என்னை இறக்கியது ஒரு ஜப்பானிய விளையாட்டு. ஹிகுராஷி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அதன் முதல் பகுதி 2002ஆம் ஆண்டு ஆகஸ்டில் தோக்கியோவின் காமிக்கெட் சந்தையில், சிறு குழு ஒன்று தானே தயாரித்து விற்ற குறுந்தட்டாக வெளிவந்தது. மலைக்கிராமம் ஒன்றில், 1983ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கதை நடக்கிறது. அணைத் திட்டத்தை எதிர்த்து ஊர் நடத்திய போராட்டம் அதன் பின்னணியில் நிற்கிறது. ஹிகுராஷி என்பது அந்தி நேரத்தில் கத்தும் ஒரு சிள்வண்டின் பெயர். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் செல்லும் சாலையை ஒட்டிய எங்கள் ஊரில், தண்ணீர் முறைக்காகவும் வரப்புக்காகவும் பேச்சை நிறுத்திக்கொண்ட குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு அந்தக் கிராமம் அயலாகத் தோன்றவில்லை. அதன் படங்கள் எளியவை. அசைவு ஏறக்குறைய இல்லை. முதலில் வந்த பகுதிகளில் வாசகர் தேர்ந்தெடுப்பதற்கு வழிகள்கூட இல்லை. படித்து, பொத்தானை அழுத்தி, அடுத்த வரியைப் படிப்பது மட்டுமே. ஆனாலும் இரவு இரண்டு மணிக்குச் சிள்வண்டின் ஒலி திடீரென நின்ற ஓரிடத்தில் நான் மடிக்கணினியை மூடிவிட்டு, ரேழி விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்று பிறகு பலமுறை அந்த இடத்தைப் படித்துப் பார்த்தேன். வரிக்கும் வரிக்கும் இடையில், என் விரல் பொத்தானின்மேல் இருக்கும் அந்த இடைவெளியில்தான் அது இருந்தது. சினிமாவில் அடுத்த காட்சி நம்மைக் கேட்காமல் வந்துவிடும். புத்தகத்தில் கண் அடுத்த வரிக்குத் தானாக ஓடிவிடும். விஷுவல் நாவலில் மட்டும், அடுத்த வரி வேண்டும் என்று வாசகர் தம் கையாலேயே கேட்கவேண்டியிருக்கிறது.

நான் படித்தது ஆங்கில மொழிபெயர்ப்பு. ஜப்பானிய மொழியும் தமிழைப்போலவே வினையை வாக்கியத்தின் கடைசியில் வைக்கிறது. எதிர்மறையும் அந்த வினையின் வாலில்தான் வருகிறது. ஆங்கிலத்தில் "இல்லை" என்பது வாக்கியத்தின் முன்பாதியிலேயே வெளிப்பட்டுவிடும். தமிழில் "அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க" என்பதுவரை படித்த வாசகருக்கு, அந்த மனிதர் பிழைத்தாரா இல்லையா என்பது இன்னும் தெரியாது. அடுத்து வரப்போவது "வேண்டும்" என்பதா, "லாம்" என்பதா, "வில்லை" என்பதா என்ற மூன்று வாசல்களும் திறந்தே இருக்கின்றன. இருண்ட கதைக்கு இதைவிட நல்ல கருவி வேறொன்று வேண்டுமா என்று தோன்றியது. தமிழில் ஒன்றைச் செய்துபார்ப்பது என்று அன்றே முடிவு செய்தேன்.

கதையின் களம் 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்த அந்த இரவை எங்கள் பக்கத்து ஊர்களில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. எங்கள் ஊரில் தென்னைகள் ஒரே பக்கமாகச் சாயாமல், சில தெற்கு நோக்கியும் சில வடக்கு நோக்கியும் விழுந்து கிடந்தன. காரணத்தை, அப்பாவைப் பெற்ற என் அப்பாயி சொன்னார்: முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று, நடுவில் சற்று நேரம் அடங்கி, பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பி அடித்தது. வங்கக்கடலில் எழும் புயல் இடஞ்சுழியாகச் சுழல்வதாலும், அது மேற்கு நோக்கி நகர்ந்ததாலும், அதன் பாதையில் இருக்கும் வீட்டுக்கு முன்பாதியில் வடகாற்றும், மையம் கடந்தபின் தென்காற்றும் கிடைக்கும். நடுவில் வரும் அமைதி, புயலின் கண் கடக்கும் நேரம்.

என் கதை முழுவதும் இந்தக் காற்றின் கணக்கிலேயே கட்டப்பட்டது. வீடு வடக்கு பார்த்தது. எனவே கொல்லைக் கதவு தெற்கே இருக்கிறது. வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பையனும் அவனுடைய அப்பாயியும் மட்டும் இருக்கிறார்கள். வடகாற்று ஓய்ந்த அமைதியில் கொல்லைக் கதவை யாரோ மூன்று முறை தட்டுகிறார்கள். வரப்புத் தகராறில் ஆறு ஆண்டுகளாகப் பேச்சற்றுப் போன பக்கத்துத் தோப்புக்காரரின் குரல்போல இருக்கிறது. திறப்பதா வேண்டாமா என்று பையன் தயங்கி நிற்கும்போதே தென்காற்று திரும்பிவிடுகிறது. அதன் பிறகு அந்தக் கதவை ஆட்டுவது காற்றா, கையா என்று யாராலும் சொல்லமுடியாது. இந்தக் கதை முழுக் கற்பனை. அன்றிரவு எங்கள் கதவை யாரும் தட்டவில்லை.

வரிகளை எழுதுவதைவிட, வரிகளை எங்கே வெட்டுவது என்பதே பெரிய வேலையாக இருந்தது. பல விஷுவல் நாவல்களில் எழுத்துகள் தட்டச்சு அடிப்பதைப்போல ஒவ்வொன்றாக வரும். நான் அந்த வசதியை முதலில் பயன்படுத்தி, ஒரு வாரம் கழித்து அணைத்துவிட்டேன். எல்லா வரிகளும் ஒரே வேகத்தில் ஊர்ந்து வந்தால், எந்த வரி தயங்குகிறது என்பது தெரியாமல் போகிறது. அதற்குப் பதிலாக, வரியின் நடுவில் நின்று வாசகரின் அழுத்தலுக்குக் காத்திருக்கச் செய்யும் குறி ஒன்று ரென்பையில் இருக்கிறது. "கதவுக்கு வெளியே இருந்தவர் திரும்பிப் போயிருக்க" என்ற இடத்தில் அந்தக் குறியை வைத்தேன். வாசகர் அழுத்தினால் "வில்லை" என்பது வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்தச் செய்தியை வரவழைத்தது அவருடைய விரல்தான்.

இதில் கவனிக்கவேண்டியவை இரண்டு. குறியை எழுத்தின் நடுவில் வைக்கக்கூடாது. "க்" என்பதில் மெய்க்கும் புள்ளிக்கும் இடையில் விழுந்துவிட்டால், புள்ளி தனித்து நின்று பழைய உடைசல் திரும்பிவிடும். இரண்டாவதை நான் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வரி முழுவதற்கும் உரிய இடத்தை மென்பொருள் முன்கூட்டியே ஒதுக்கிவிடுகிறது. பின்பாதி வரும்போது முன்பாதி நகர்வதில்லை. உரை இடப்பக்கம் ஒட்டியிருந்தால் இது நன்மை. ஆனால் கறுத்த திரையில் நடுவில் வரும் வரிகளில், முன்பாதி சற்று இடப்புறமாக ஒதுங்கி நிற்கும். இன்னும் ஏதோ வரப்போகிறது என்பதை அந்த ஒதுக்கமே வாசகருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே தயக்கம் உள்ள வரிகள் எல்லாவற்றையும் இடப்பக்கம் ஒட்டிய உரைப்பெட்டிக்கு மாற்றினேன்.

இந்த உத்தியை அளவோடு பயன்படுத்தவேண்டும். முதல் வரைவில் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் வைத்திருந்தேன். மூன்றாவது தயக்கத்திலேயே வாசகர் முறையைப் புரிந்துகொண்டு, நின்ற இடத்தில் எல்லாம் "வில்லை" வரும் என்று எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். கடைசியில் ஏழு மட்டும் நின்றன. அவற்றில் மூன்று "இருக்கவேண்டும்" என்று நல்ல பக்கம் முடிகின்றன.

பேச்சுத் தமிழையும் எழுத்துத் தமிழையும் பிரிப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. பையன் நினைத்துப் பார்த்துச் சொல்லும் கதை எழுத்துத் தமிழில் இருக்கிறது. மனிதர்கள் வாய்திறந்தால் எங்கள் பக்கத்துப் பேச்சு வருகிறது. வெளியே இருப்பவருக்கு நான் மொத்தம் நான்கு வரிகள்தான் கொடுத்தேன். அவற்றில் ஒன்று, "அண்ணி, கதவத் தொறங்க அண்ணி." ஆறு ஆண்டுகள் பேசாதவர் பழைய முறையைச் சொல்லி அழைக்கிறார் என்பதை விளக்க நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். "அண்ணி" என்பது இரண்டு முறை வந்தாலே போதும். இங்கே வளர்ந்த எவருக்கும் அது கேட்கும்.

ஒலிக்காகச் செலவிட்ட நாட்கள்தான் மிகுதி. கதவு தட்டும் ஒலியை எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவிலேயே பதிந்தேன். பூவரசம் பலகைக் கதவு; விரல்முட்டியால் தட்டினால் மந்தமாக ஒலிக்கும்; உள்ளங்கையால் அடித்தால் தாழ்ப்பாள் சேர்ந்து அதிரும். கைப்பேசியைக் கதவுக்கு உட்புறம், பையன் நிற்கக்கூடிய இடத்தில், ஒரு முக்காலியின்மேல் துணி விரித்து வைத்தேன். முதல் பதிவில் மின்விசிறியின் இரைச்சல் கதவின் ஒலியைவிடப் பெரிதாக விழுந்திருந்தது. மே மாதப் பகலில் விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் நிறுத்திவிட்டு மீண்டும் பதிந்தேன். மிச்சமிருந்த இரைச்சலை ஆடாசிட்டி மென்பொருளில் குறைத்தேன். ஒலியே இல்லாத இரண்டு நொடிப் பகுதியைத் தேர்ந்து, இதுதான் இரைச்சல் என்று அதற்குக் காட்டிவிட்டால், முழுப் பதிவிலிருந்தும் அந்த அளவு இரைச்சலைக் கழித்துவிடும். அதிகமாகக் கழித்தால் தட்டும் ஒலி தண்ணீருக்குள் இருந்து வருவதைப்போல ஆகிவிடுகிறது, பாதியளவோடு நிறுத்திக்கொண்டேன்.

காற்று எளிதில் அகப்படவில்லை. புயலைப் பதிய நான் காத்திருக்கவும் முடியாது, விரும்பவும் மாட்டேன். காய்ந்த தென்னை மட்டையைத் தகரத்தின்மேல் மெதுவாக இழுத்துப் பதிந்து, அதன் வேகத்தைப் பாதியாகக் குறைத்தபோது, கூரையை ஏதோ உரசிச் செல்லும் ஒலி கிடைத்தது. அதன் கீழே, ஆடிக் காற்றில் மொட்டைமாடியில் பதிந்த இரைச்சலை அடுக்கினேன். வடகாற்று வலக் காதிலும் தென்காற்று இடக் காதிலும் கேட்கும்படி முதலில் அமைத்திருந்தேன். ஆனால் சோதித்துப் பார்த்தவர்கள் எல்லோரும் கைப்பேசியை மேசையில் வைத்து, அதன் ஒற்றை ஒலிபெருக்கியிலேயே கேட்டார்கள். இடம் வலம் என்பது அங்கே பொருளற்றுப் போனது. எனவே திசையைத் தன்மையால் காட்டினேன். வடகாற்றின் கூர்மையான மேல் ஒலிகளை வெட்டிவிட்டு, அது வீட்டின் முன்பக்கத்தை அடித்து, ரேழியும் முற்றமும் தாண்டி வருவதைப்போல மங்கலாக்கினேன். தென்காற்றை வெட்டாமல் விட்டு, அதோடு தாழ்ப்பாள் அதிரும் ஒலியைச் சேர்த்தேன். யாரும் எதையும் விளக்காமலேயே, காற்று இப்போது இந்தப் பக்கம் வந்துவிட்டது என்பது கேட்பவருக்குப் புரிகிறது.

நடுவில் வரும் அமைதியை நிரப்பத் தவளை ஒலியைச் சேர்த்திருந்தேன். மழை விட்ட ஐப்பசி இரவில் வாய்க்கால் கரையில் நின்று பதிந்தது; எனக்கு மிகவும் பிடித்த பதிவு அது. அப்பாயியிடம் போட்டுக்காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அன்னைக்கு ஒரு தவளகூடக் கத்தலடா" என்றார். அதைச் சொன்ன பிறகு அவர் வேறொன்றும் பேசவில்லை. அன்றே அந்தப் பதிவை எடுத்துவிட்டேன். இப்போது அந்த இடத்தில் ஓட்டிலிருந்து முற்றத்தில் சொட்டும் நீரின் ஒலி மட்டும், ஏறக்குறைய நான்கு நொடிக்கு ஒருமுறை, சற்றே முன்பின்னாகக் கேட்கிறது. தட்டும் ஒலி அதற்கு நடுவில் வருகிறது.

படங்களைப் பற்றிச் சொல்ல மிகுதியில்லை. எங்கள் வீட்டின் ரேழி, முற்றம், பத்தாயம் இருக்கும் அறை, கொல்லைக் கதவு என நான்கு புகைப்படங்கள். பகலில் எடுத்து நீலம் ஏற்றி இருட்டாக்கியவை பொய்யாகத் தெரிந்தன, ஏனென்றால் வெயிலின் நிழல் இருட்டிலும் நிழலாகவே நிற்கிறது. எல்லாவற்றையும் அந்தி ஆறரை மணிக்கு, அரிக்கேன் விளக்கு ஒன்றை மட்டும் வைத்து மீண்டும் எடுத்தேன். விளக்கின் அசைவுக்காக, படத்தின்மேல் ஒரு மெல்லிய கறுப்பு அடுக்கை ஏற்றி இறக்கும் சிறு நிரல் போதுமானதாக இருந்தது. மனித முகம் எதுவும் காட்டப்படவில்லை.

தேர்வு வரும் இடத்தில்தான் பெரிய தவறு ஒன்று செய்திருந்தேன். "கதவைத் திற", "திறக்காதே" என்று இரண்டு பொத்தான்கள். நண்பன் ஒருவன் "திறக்காதே" என்பதை அழுத்தினான். காலையில் தோப்பில் பையன் காண்பதைப் படித்தான். உடனே சுட்டியின் உருளையைப் பின்னால் உருட்டித் தேர்வுக்குத் திரும்பி, "திற" என்பதை அழுத்தி, அந்த முடிவையும் படித்துவிட்டு, பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டான். அவன்மேல் குறையில்லை. ரென்பை இயல்பாகவே அப்படித் திரும்பிச் செல்ல விடுகிறது. தவறி அழுத்தியவருக்கும், ஒரு வரியைக் கவனிக்காமல் கடந்தவருக்கும் அது உதவி. ஆனால் என் கதையில், திறக்காத கதவை அத்தனை எளிதாகப் போய்த் திறந்துவிட முடிந்தால் சொல்ல வந்ததே இல்லாமல் போகிறது.

திரும்பிச் செல்வதை முற்றிலும் தடுக்கும் கட்டளை ஒன்று உண்டு. அதை வைத்துப் பார்த்தேன். அடுத்துப் படித்த அத்தை மகள், தேர்வுக்கு முந்தைய வரியை மீண்டும் படிக்க விரும்பியபோது முடியாமல், விளையாட்டு நின்றுவிட்டது என்று எண்ணி வெளியேறிவிட்டாள். பிறகு ஆவணத்தைப் பொறுமையாகப் படித்ததில், ஃபிக்ஸ் ரோல்பேக் என்னும் மற்றொரு கட்டளை இருப்பது தெரிந்தது. அதை வைத்தால் வாசகர் எவ்வளவு தூரமும் பின்னால் சென்று படிக்கலாம். தேர்வுத் திரையையும் மீண்டும் காணலாம். ஆனால் முன்பு தேர்ந்த பொத்தான் மட்டுமே அங்கே வேலை செய்யும். மற்றொன்று மங்கலாகத் திரையிலேயே நிற்கும், அழுத்த முடியாது. இதைக் கண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நான் பல பத்திகளில் எழுத முயன்று தோற்ற ஒன்றை அந்த மங்கிய பொத்தான் செய்தது. அந்த இரவைப் பலமுறை நினைத்துப் பார்க்கலாம், கதவு வரைக்கும் திரும்பிப் போகலாம், கை மட்டும் தாழ்ப்பாளை எட்டாது.

விளையாட்டின் தொடக்கத்தில், இக்கதையில் புயலும் மரணமும் வருகின்றன என்றும், கஜாவில் இழப்பைக் கண்டவர்களுக்கு இது கடினமாக இருக்கலாம் என்றும் இரண்டு வரி எச்சரிக்கை வைத்திருக்கிறேன். 2017இல் இதே ரென்பையில் செய்யப்பட்டு வெளிவந்த டோக்கி டோக்கி லிட்ரேச்சர் கிளப் என்னும் விளையாட்டும் இப்படியொரு எச்சரிக்கையோடுதான் தொடங்குகிறது. எச்சரித்துவிட்டால் திகில் குறைந்துவிடும் என்று சிலர் கருதுகிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. எங்கள் பக்கத்து ஊர்களில் இதைப் படிப்பவர்களில் பாதிப்பேர் அன்றிரவு ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தவர்கள். அவர்களிடம் முதலில் அனுமதி கேட்பது முறை.

கைப்பேசிப் பதிப்பில் ஒரே சிக்கல் சொல்லின் நீளம். கணினித் திரையில் மூன்று வரிகளில் அடங்கிய உரை, கைப்பேசியில் படிக்கத்தக்க அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கியதும் ஐந்து வரிகளாகிப் பெட்டிக்கு வெளியே வழிந்தது. மென்பொருள் இடைவெளி உள்ள இடத்தில்தான் வரியை மடிக்கும். "தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்" போன்ற ஒரு சொல் முழுதாக அடுத்த வரிக்கு இறங்கினால், முந்தைய வரியில் பாதி வெறுமையாகக் கிடக்கும். சொல்லை உடைக்க எனக்கு மனமில்லை. வாக்கியங்களையே திருத்தி எழுதினேன். அதில் சுமார் 40 வாக்கியங்கள் முன்பைவிட நன்றாக ஆயின. இகர ஈகாரக் குறிகள் மேலேயும் உகரக் குறிகள் கீழேயும் நீள்வதால் வரிகளுக்கிடையே உள்ள இடைவெளியையும் கூட்டவேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்தபின் ஒரு மாலையில் திண்ணையில் உட்கார்ந்து அப்பாயிக்குப் படித்துக்காட்டினேன். அவருக்குக் கண் தெளிவில்லை. நான் வாய்விட்டுப் படிக்க, ஒலிகளை மட்டும் கைப்பேசி கொடுத்தது. தட்டும் ஒலி வந்ததும் அவர் தலை தானாகக் கொல்லைப் பக்கம் திரும்பியது. தேர்வு வந்தபோது இரண்டு பொத்தான்களையும் படித்துவிட்டு, "எதை அழுத்தட்டும்?" என்று கேட்டேன்.

"இதென்னடா கேள்வி, தொற" என்றார்.

திறந்தால் வரும் பாதையில், கதவுக்கு வெளியே தோப்புக்காரர் நிற்பார் என்று நான் எழுதியிருக்கவில்லை. படியில் ஈரக் கால்தடம் மட்டும் இருக்கும். தென்காற்று அப்போதுதான் திரும்பும். "தோப்புப் பக்கம் விளக்கைக் காட்டினேன். அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க" என்பதுவரை படித்து, குறி வைத்த இடத்தில் நின்றேன். அப்பாயி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்து என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முற்றத்தில் சொட்டும் நீரின் ஒலி ஐந்தாறு முறை கேட்டது.

பிறகு அவராகவே கையை நீட்டி, திரையைத் தொட்டார்.